கருவூலக் கணக்கும் ஆற்றங்கரைக் கணக்கும்

(பொதுநிதி, சுற்றுச்சூழல் பொருளியல் கூட்டாய்வு குறித்த பல்கலைக்கழகக் கருத்தரங்கில் ஆற்றிய தொடக்கவுரை)



பொதுநிதி படிப்பவர்களும் சுற்றுச்சூழல் பொருளியல் படிப்பவர்களும் ஏன் சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அழைப்பிதழில் இந்தத் தலைப்பைப் படித்ததும் என் கண்முன் ஓர் அணைதான் வந்து நின்றது. சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யலின் குறுக்கே இருக்கிற ஒரத்துப்பாளையம் அணை. உங்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். பொருளியல் படிக்கிற ஒருவர் தமிழ்நாட்டில் பார்த்தே ஆக வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் தொட்டு, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிற ஆறு நொய்யல். அதன் கடைமடையில், பத்தாயிரம் ஏக்கருக்குமேல் பாசனம் கொடுப்பதற்காக 1992இல் அந்த அணை கட்டி முடிக்கப்பட்டது. செலவு சுமார் 16 கோடி ரூபாய். நம் எல்லோருடைய வரிப்பணம்.

அணையில் வந்து தேங்கியது என்ன? மேலே திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் போட்ட தண்ணீர். பருத்தியில் சாயம் நன்றாக ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். மூட்டை மூட்டையாக வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியோடு கப்பல் ஏறிப் போய்விடும். உப்பு எங்கே போகும்? தண்ணீரோடு ஆற்றில் இறங்கும். ஆறு அதைக் கொண்டுவந்து அணையில் சேர்க்கும். அணை அதைச் சுற்றியுள்ள கிணறுகளுக்குக் கொடுக்கும். தண்ணீரின் நிறத்தை எடுப்பது எளிது. அதில் கரைந்த உப்பை எடுப்பதுதான் பெரும்பாடு.

சில ஆண்டுகளுக்குள்ளாகவே, யாருக்காக அணை கட்டப்பட்டதோ அந்த ஆயக்கட்டு விவசாயிகளே நீதிமன்றப் படியேறினார்கள். அணையில் இந்தத் தண்ணீரைத் தேக்கவேண்டாம் என்று மன்றாடினார்கள். பாசனத்துக்குக் கட்டிய அணையில் தண்ணீர் வேண்டாம் என்று பாசன விவசாயியே கேட்க நேர்ந்தது என்றால், அந்த வேதனை எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்! மழைக்காலத்தில் அணை நிரம்பினால் மகிழ்கிற ஊர்களைப் பார்த்திருக்கிறோம். நிரம்பினால் அஞ்சுகிற ஊர்கள் அவை.

இப்போது இதே கதையைக் கருவூலத்தின் பக்கம் நின்று பார்ப்போம்.

முதலில் அணை கட்ட அரசு பணம் கொடுத்தது. அது பாசனக் கணக்கு. அதே ஆண்டுகளில், பின்னலாடை ஏற்றுமதியால் அந்நியச் செலாவணி வருகிறது என்பதால் ஏற்றுமதி லாபத்துக்கு வருமானவரிச் சலுகை இருந்தது. கட்டிய சுங்கத்தைத் திருப்பித் தரும் ‘டிராபேக்’ ஏற்பாடும் இருந்தது. அது ஏற்றுமதி ஊக்கக் கணக்கு. பிறகு, 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்ய 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனை மாநில அரசு அறிவித்தது. அது தொழில்துறைக் கணக்கு.

ஒரே ஆறு. ஒரே தண்ணீர். மூன்று முறை பொதுப்பணம். அணைக்குக் கொடுத்தோம், அணையைக் கெடுத்த தொழில் வளரக் கொடுத்தோம், கெடுத்ததைத் திருத்தவும் கொடுத்தோம். மூன்று செலவும் மூன்று கணக்குத் தலைப்புகளில், மூன்று அலுவலகங்களில். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. பாசனம் வேண்டாமா? வேண்டும். ஏற்றுமதி வேண்டாமா? வேண்டும். தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பிள்ளைகளுக்குத் திருப்பூர் சோறு போடவில்லையா? போட்டது. ஆனால், இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தாள்தான் நாம் இன்று பேசவந்த கூட்டாய்வு.

பொதுநிதி படித்தவர் ஏற்றுமதிச் சலுகையின் தொகையைச் சொல்லுவார். அது ஆற்றில் எத்தனை மூட்டை உப்பாக இறங்கியது என்று அவரால் சொல்ல முடியாது. சுற்றுச்சூழல் பொருளியல் படித்தவர் உப்பால் விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்று சொல்லுவார். திருப்பூர் மாசினால் வேளாண்மைக்கும் குடிநீருக்கும் மீன்வளத்துக்கும் நேர்ந்த இழப்பைச் சென்னையிலுள்ள ஆய்வு நிறுவனங்கள் பாடுபட்டுக் கணக்கிட்டும் இருக்கின்றன. ஆனால், அந்த இழப்பை எந்த வரியால், யாரிடமிருந்து, எந்தச் சட்டத்தின் கீழ் மீட்பது என்று கேட்டால் அவர் பொதுநிதிக்காரரின் வீட்டுக் கதவைத்தான் தட்டவேண்டும்.

நண்பர்களே, ஆறு காசுக் கதையை உங்களுக்குச் சொல்லவேண்டும். 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் நொய்யல் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சுத்திகரிக்காமல் கழிவை விடுகிற பட்டறைகள் லிட்டருக்கு 6 காசு, பிறகு 8 காசு, பிறகு 10 காசு என்று ஏறிக்கொண்டே போகிற தண்டம் கட்டவேண்டும் என்றது. பொருளியல் மாணவர்களே, நீங்கள் வகுப்பில் கரும்பலகையில் கோடு கிழித்துப் படிக்கிறீர்களே, மாசுக்கு விலை வைப்பது, அதை நம் ஊரில் ஒரு நீதிமன்றம் காசு அளவில் எழுதிக் காட்டியது!

அந்த ஆறு காசு சரியான விலைதானா? ஒரு லிட்டர் சாயத்தண்ணீரை உப்பு நீங்கச் சுத்தம் செய்ய ஆகும் செலவு ஆறு காசைவிடக் கூடுதலாக இருந்தால் பட்டறைக்காரர் என்ன செய்வார்? தண்டத்தைக் கட்டிவிட்டுக் கழிவை விடுவார். அந்த ஒரு லிட்டர் கீழே நிலத்துக்குச் செய்யும் கேடு ஆறு காசைவிடக் கூடுதலாக இருந்தால் விவசாயிக்கு யார் ஈடுகட்டுவது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். எதிர்ச் சவ்வூடு பரவல் இயந்திரம் தெரிந்த பொறியாளர் வேண்டும். மண்ணில் உப்பேறினால் பயிர் என்ன ஆகும் என்று தெரிந்த வேளாண் அறிஞர் வேண்டும். வசூலிக்கிற வழி தெரிந்த வரி நிபுணர் வேண்டும். தண்டம் ஏறினால் வேலை எங்கே நகரும் என்று சொல்லத் தெரிந்த தொழிலாளர் ஆய்வாளர் வேண்டும். 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டபோது சாயமேற்றும் வேலை பக்கத்து மாவட்டங்களுக்கு நகர்ந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. ஒரு விலையைச் சரியாக வைக்க நான்கு துறை வேண்டும். ஐந்தாவதாக அந்த ஊர்க்காரரும் வேண்டும். இந்த ஐந்து பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்த நாட்கள் எத்தனை?

இவ்வளவுக்கும் இந்த இரண்டு துறையும் ஒரே வீட்டில் பிறந்தவை. 1920இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்தர் பிகூ நலப் பொருளியல் நூலை வெளியிட்டார். மான்செஸ்டர் நகர ஆலைப் புகையால் இல்லங்களில் துணி துவைக்கும் செலவு கூடியதை அவர் எடுத்துக்காட்டினார். மான்செஸ்டரும் பருத்தி நகரம், திருப்பூரும் பருத்தி நகரம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே பிகூதான் 1928இல் பொதுநிதி பற்றியும் தனி நூல் எழுதினார். ஒரே மனிதர், ஒரே மேசை, ஒரே பேனா. அவருக்குப் புகையும் வரியும் வேறு வேறாகத் தெரியவில்லை. நாம்தான் பாடத்திட்டம் போட்டு, தாள் ஒன்று, தாள் இரண்டு என்று பிரித்து, இரண்டு அறைகளில் உட்காரவைத்துவிட்டோம்.

பிரிந்ததைச் சேர்த்துவைத்த ஒருவர் நம் சென்னையிலேயே இருந்தார். ராஜா செல்லையா. இந்தியாவின் வரிச் சீர்திருத்தக் குழுவுக்கு 1991இல் தலைமை தாங்கியவர். பொதுநிதிக்கென்றே டெல்லியில் தேசிய நிறுவனம் ஒன்று உருவாகக் காரணமாக இருந்தவர். வரி என்றால் செல்லையா என்று நாடு சொன்ன காலம் உண்டு. அவர்தான் 1993இல் சென்னைப் பொருளியல் பள்ளி தோன்ற முன்னின்றார். சுற்றுச்சூழல் பொருளியலுக்கு இந்தியாவில் பெயர் பெற்ற இடமாக அந்தப் பள்ளி வளர்ந்தது. 2007இல், எண்பது வயதைக் கடந்த செல்லையா, உ. சங்கர், பால் அப்பாசாமி, ரீட்டா பாண்டே ஆகியோருடன் சேர்ந்து ஒரு நூலை வெளியிட்டார். மாசு தரும் மூலப்பொருட்கள்மீதும் உற்பத்திப் பொருட்கள்மீதும் சூழல்வரி போடுவது பற்றிய நூல் அது.

அந்த நூலின் அடிப்படைச் சிந்தனை எனக்கு மிகவும் பிடித்தமானது. நம் நாட்டில் மாசு ஒரு பெரிய புகைபோக்கியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஆயிரம் சிறு பட்டறைகளிலிருந்தும் லட்சம் வயல்களிலிருந்தும் வருகிறது. ஒவ்வொரு வாய்க்காலிலும் மீட்டர் வைக்க முடியுமா? முடியாது. ஆனால் அந்தப் பட்டறைக்குள் போகிற மூலப்பொருள் கடையில் விற்கிறது, பில் போடுகிறார்கள், வரி கட்டுகிறார்கள். அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம் அல்லவா? வரி நிர்வாகம் தெரிந்தவரும் மாசின் போக்குத் தெரிந்தவரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் இப்படிப்பட்ட யோசனை பிறக்கும். தனியே உட்கார்ந்திருந்தால் ஒருவர் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் பில் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சேராவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் சான்று இருக்கிறது. 2010இல் மத்திய அரசு நிலக்கரிமீது டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி மேல்வரி விதித்தது. அது 2014இல் 100 ஆயிற்று, 2015இல் 200 ஆயிற்று, 2016இல் 400 ஆயிற்று. ஆறே ஆண்டில் எட்டு மடங்கு. தூய எரிசக்திக்கென்று தனி நிதியம் தொடங்கி, அதில் இந்தப் பணத்தைச் சேர்ப்பது என்பது ஏற்பாடு. 2017-18 வரை வசூலானது 86,000 கோடி ரூபாய்க்கு மேல். நிதியத்துக்குப் போய்ச் சேர்ந்தது 30,000 கோடிக்கும் குறைவு. திட்டங்களுக்குச் செலவானது சுமார் 16,000 கோடி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அந்த மேல்வரி எடுக்கப்பட்டு, அதே 400 ரூபாய் மாநிலங்களுக்கான இழப்பீட்டு மேல்வரியாக மாறிற்று.

கேளுங்கள் நண்பர்களே! நிலக்கரியின் புகையைக் காட்டி விதித்த வரி அது. சுற்றுச்சூழல் அறிஞர்கள் விகிதம் ஏறியபோது மகிழ்ந்தார்கள். பணம் எந்தக் கணக்கில் படுத்திருக்கிறது என்று வரவு செலவுத் தாளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் அவர்களில் பலருக்கு இல்லை. பொதுநிதி அறிஞர்கள் வரவு செலவுத் தாளைப் புரட்டினார்கள்; சுரங்க ஊர்களில் காற்று எப்படி இருக்கிறது என்று பார்ப்பது தம் வேலை என்று அவர்களில் பலர் நினைக்கவில்லை. இரண்டு பேரும் கைகோத்து ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தால், நாடாளுமன்றத்தில் இதைப்பற்றி எழுந்த கேள்விகள் முன்கூட்டியே எழுந்திருக்கும். இது என் உறுதியான கருத்து.

கொஞ்சம் கடல் கடந்து போய் வருவோம். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு எலினார் ஆஸ்ட்ரமுக்குக் கிடைத்தது. அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண். அவர் படித்தது அரசியல் அறிவியல். அவருடைய முதல் பெரிய ஆய்வு லாஸ் ஏஞ்சலஸ் கடற்கரையோரத்து நிலத்தடி நீர் பற்றியது. ஆளாளுக்குப் பம்பு வைத்து இறைத்ததால் கடல்நீர் நிலத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. இராமநாதபுரத்துக்காரர்களுக்கும் கடலூர்க்காரர்களுக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அங்கே நீர் இறைத்தவர்கள் முதலில் ஒரு சங்கம் வைத்தார்கள். யார் எவ்வளவு இறைக்கிறார்கள் என்ற கணக்கை எல்லோரும் நம்பக்கூடிய ஒரே புள்ளிவிவரமாக ஆக்கினார்கள். அதன் பிறகுதான் இறைக்கிற அளவுக்கு ஏற்பக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் நிலத்தடிக்குத் தண்ணீரைத் திரும்பச் செலுத்தும் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கணக்கு முதலில், கட்டணம் பிறகு. பிற்காலத்தில், பல துறையினர் சேர்ந்து ஆராய்வது எப்படி என்பதைப் பற்றியே ஆஸ்ட்ரம் இரண்டு இளைய அறிஞர்களோடு சேர்ந்து 2010இல் ஒரு நூல் வெளியிட்டார்.

அதை இங்கே பொருத்திப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அது தானாக வந்துவிடவில்லை. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடியதன் தொடர்ச்சியாக வந்தது. அதைப் பறிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை; சொல்லவும் மாட்டேன். ஆனால் கொங்குப் பக்கம் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி போனதும் உண்மை. இலவசத்தையும் எடுக்காமல் தண்ணீரையும் காக்க வழியுண்டா? பஞ்சாபில் 2018இல் ஒரு முயற்சி தொடங்கினார்கள். விவசாயிக்கு ஒரு மின் அளவு ஒதுக்கி, அதில் அவர் மிச்சப்படுத்துகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவருடைய கணக்கில் போட்டார்கள். நம் மண்ணுக்கு அது பொருந்துமா? தென்னந்தோப்புக்குப் பொருந்துமா, மஞ்சளுக்குப் பொருந்துமா? கூட்டாய்வுக்கு இதைவிட நல்ல தலைப்பு உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

பெரிய தொகைகளைக் கேட்டு மலைத்துப் போகாதீர்கள். பத்து ரூபாயும் நல்ல ஆய்வுதான். 2022இல் நீலகிரியில் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்ற கவலையில் உயர்நீதிமன்றத்தின் முன் உருவான ஏற்பாடு அது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. வாங்கின பத்து ரூபாய் வரி போன்றது; திருப்பிக் கொடுத்த பத்து ரூபாய் மானியம் போன்றது. பொதுநிதிப் பாடத்தின் இரண்டு அத்தியாயங்கள் ஒரு பாட்டிலுக்குள் இருக்கின்றன. திரும்பாத பாட்டிலின் பத்து ரூபாய் யாருக்குப் போகவேண்டும்? பாட்டில் பொறுக்கி வருகிற அம்மாவுக்கு அதில் என்ன பங்கு? முதுகலை மாணவர் ஒருவர் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய ஆய்வு இது.

இனி உங்களிடம் சில வேண்டுகோள்கள். கூட்டாய்வு என்றால் கட்டுரையின் தலையில் நான்கு பெயர் போடுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். களத்துக்குப் போகும்போதே சேர்ந்து போங்கள். கேள்வித்தாளைச் சேர்ந்து எழுதுங்கள். உங்கள் புள்ளிவிவரத்தைப் பூட்டி வைக்காதீர்கள். அது பகிரப் பகிரப் பெருகும். கிணற்றுநீரை எடுத்துப் பரிசோதித்த ஊருக்கே திரும்பிப் போய், முடிவைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். ஆங்கில ஆய்விதழில் வந்தது போதும் என்று நிறுத்திவிட்டால், தண்ணீர் கொடுத்தவருக்கு நாம் பட்ட கடன் அடையாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நம்மில் பெரும்பாலோர் இதில் தவறியிருக்கிறோம்.

கடைசியாகப் பாலாற்றுக்கு வருகிறேன். 1996 ஆகஸ்டு 28இல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்சநீதிமன்றம் அறிவித்தது. உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கிற தீர்ப்பு அது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலமும் கிணறும் கெட்டவர்களுக்கு எவ்வளவு தருவது என்று கணக்கிடத் தனி ஆணையம் அமைந்தது. 2001 மார்ச்சில் அது வழங்கிய தொகை, 29,000 பேருக்கு மேல் பகிர்ந்து, 26 கோடிச் சொச்சம். வகுத்துப் பாருங்கள். ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூடத் தேறாது. ஒரு தலைமுறையின் கிணற்றுக்கு, ஒரு தலைமுறையின் தென்னைக்கு அது விலையா? அந்தத் தொகையும் எல்லோருக்கும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்பதால் வழக்கு மறுபடியும் உச்சநீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரி 30இல் நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட்டது: பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுக்கட்டும், கொடுத்ததை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்கட்டும், ஆற்றைச் சீர்செய்ய ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமையட்டும்.

முதலில் அரசு கொடுப்பது பொதுநிதி. பிறகு மாசுபடுத்தியவரிடம் வாங்குவது சுற்றுச்சூழல் பொருளியல். ஒரே உத்தரவில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளாக நிற்கின்றன. எந்த ஆலையிடம் எவ்வளவு வாங்குவது, மூடிப்போன ஆலையிடம் எப்படி வாங்குவது, ஆண்டுதோறும் கூடும் கேட்டை எப்படிச் சேர்ப்பது என்பதற்கெல்லாம் கணக்குப் போட ஆள் வேண்டும். வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இராணிப்பேட்டைக்கும் போக ஆள் வேண்டும். இந்த அரங்கில் இரண்டு துறையின் மாணவர்களும் இன்று ஒன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள். மதிய உணவு இடைவேளையில் உங்கள் துறையைச் சேராத ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். பாலாற்றுக்கு எப்போது போகலாம் என்று ஒரு தேதி குறியுங்கள். அந்தப் பயணத்துக்கு என்னையும் அழைத்தால் நான் வருகிறேன்.